நம்ம வண்டி எது சித்தப்பா?

திருவிடைமருதூருக்கு வருவதென்றால் தைப்பூசத் திருவிழாவுக்கு வாங்க. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர்தான். மகாலிங்க சுவாமி கோயில் தேரோட்டம். ஒன்று, இரண்டு இல்லை பாஸ்... ஐந்து தேர்! வீதி முழுக்க வடம், நீர்மோர்ப் பந்தல், பீப்பி, பஞ்சுமிட்டாய், கூடவே கும்பகோணம் காலேஜிலிருந்து கட் அடித்துவிட்டு வந்த கும்பல்.

ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்போது எங்க ஊர்ப் பொடியன்களுக்கு அது ரேஸ்தான். ஆனால் ரிசல்ட் முன்கூட்டியே தெரிந்த ரேஸ். பிள்ளையார்தான் எப்பவும் லீடிங். ஓவர்டேக் செய்ய அப்பா அம்மாவுக்கே அனுமதி கிடையாது!

இந்த ஊரில்தான் என் சித்தப்பா முப்பத்தைந்து வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். மெயின் ரோட்டை ஒட்டித் தகரக் கூரை. உள்ளே ஒரு அம்பாசடர், ஒரு பழைய ஃபியட், அப்புறம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அவருக்கே மறந்துபோன சாமான்கள். சித்தப்பா உலகத்தில் கார் என்றால் இரண்டு ஜாதிதான். ஒன்று, 'நம்ம வண்டி'. அதாவது அம்பாசடர், ஃபியட். மற்றதெல்லாம் 'தகர டப்பா'. மாருதியில் ஆரம்பித்து நேற்று ஷோரூமில் இறங்கிய கார் வரைக்கும் இந்த லிஸ்ட்டில் வரும். வெளிநாட்டுக் கம்பெனி கார் ஷெட் வாசலில் வந்து நின்றால், "ஷோரூமுக்கே கொண்டு போயிடுங்க சார். அது கம்ப்யூட்டர் வண்டி" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் முகம் வேற சொல்லும்.

வருமானம்? அதைக் கேட்காதீங்க. 'நம்ம வண்டி' வருஷத்துக்கு நாலு குறைந்துகொண்டே வருகிறது.

இதில் ட்விஸ்ட் என்னவென்றால், அவருடைய ஒரே பையன், என் தம்பி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வெளிநாட்டு கார் கம்பெனியில். அப்பன் கை வைக்க மாட்டேன் என்று சொல்லும் டப்பாவைத்தான் மகன் ஷிஃப்ட் போட்டுச் செய்துகொண்டிருக்கிறான். வீட்டில் இந்த டாபிக் வந்தால் சித்தி ரசத்தைத் தாளிக்கப் போய்விடுவார்.

போன வருஷம் அவன் போன் பண்ணினான். "அண்ணே, இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் இருக்கு. அப்பாவை எப்படியாவது கூட்டிக்கிட்டு வாங்க. அந்தக் காலத்துல சோழவரம் ரேஸ் பாத்தேன், சோழவரம் ரேஸ் பாத்தேன்னு உசிரை எடுக்குறார்ல... இப்ப ஒண்ணு பாக்கட்டும்."

கிளம்பிவிட்டோம்.

சோழவரம்... சோழவரம்

கும்பகோணம் போய் ராத்திரி பஸ் பிடித்தோம். ஜன்னல் சீட் சித்தப்பாவுக்கு. அணைக்கரை தாண்டுவதற்குள் சோழவரம் வந்துவிட்டது. பஸ் இல்லை, கதை.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அதில் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். பின்னே, அவ்வளவு நீளமாக, நேராக, குழியில்லாமல் ரோடு அன்றைக்கு வேற எங்கே கிடைக்கும்? பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

புதுப்பேட்டையில் ஹெல்ப்பராக இருந்த இருபத்தி சொச்சம் வயதில் சித்தப்பாவும் போயிருக்கிறார். வேலை, டயர் தூக்குவது. "விஜய் மல்லையா இருக்காருல்ல... அவரு எஃப் ஒன் வண்டியையே எறக்கி ஓட்டுனாருடா அங்க!" என்றார். அது நிஜம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரை வாங்கி வந்து சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். ஆனால் சித்தப்பாவுக்கு அது பெரிதில்லை. அவருக்குப் பிடித்தது, தெருவில் ஓடுகிற அதே ஃபியட், அதே அம்பாசடர், அதே ஹெரால்டு சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எஞ்சினைத் திருகித் திருகி ஏற்றிக்கொண்டு பறந்ததுதான்.

"காலையில டாக்ஸியா ஓடுன வண்டி மாதிரி இருக்கும்டா தம்பி. சாயங்காலம் கப்பு வாங்கிட்டு வரும்."

இதற்குத்தான் அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' என்று பெயர். ஷோரூம் ஸ்டாக்கில் இருக்கிற வண்டியையே ரேஸில் ஓட்டுவது. 1948-ல் நாஸ்கார் என்ற அமைப்பு ஆரம்பித்து, அதை அந்த நாட்டின் பெரிய திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். அதன் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். மதுவிலக்கு காலத்திலும் அதற்குப் பிறகும், மலைப்பக்கம் காய்ச்சிய திருட்டுச் சாராயத்தை ஏற்றிக்கொண்டு போலீஸுக்கு டிமிக்கி கொடுத்த டிரைவர்களில் சிலர்தான் ஆரம்ப கால ஹீரோக்கள். அவர்கள் கார் வெளியே பார்க்க சாதாரணமாக இருக்கும். எஞ்சினுக்குள்தான் வேலை இருக்கும்.

சித்தப்பா யோசித்தார். "அப்படிப் பாத்தா நம்ம காரைக்கால் ரூட்லயும் இந்நேரம் ஒரு ரேஸ் வந்திருக்கணுமேடா?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். தூங்கவில்லை போல.

கென்டக்கியில் பிறந்த ஜப்பான்காரன்

விழுப்புரம் டீக்கடையில் நான் மெதுவாக மேட்டருக்கு வந்தேன். நாஸ்காரில் ரொம்ப காலம் உள்ளூர்க் கம்பெனிகளின் ராஜ்ஜியம்தான். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், போன்டியாக் என்று எல்லாமே அமெரிக்கப் பெயர்கள். வெளிநாட்டு வண்டி ஜெயித்தது ஒரே ஒரு தடவை. 1954 ஜூனில், நியூஜெர்சியில் லின்டன் என்ற ஊரில், ஆல் கெல்லர் என்பவர் பிரிட்டிஷ் ஜாகுவார் ஓட்டி ஜெயித்தார். எங்கே நடந்த ரேஸ் தெரியுமா? விமான நிலைய ஓடுதளத்தில்! சோழவரத்துக்கு அண்ணன் முறை.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஒன்றுமில்லை. 2000-ல் டொயோட்டா சத்தமில்லாமல் ஒரு சின்னப் பிரிவில் நுழைந்தது. 2004-ல் பிக்கப் டிரக் பிரிவு. 2007-ல் கேம்ரி காரோடு மெயின் பிரிவுக்கே வந்தது. அவ்வளவுதான், ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். 'இது நம்ம விளையாட்டு. ஜப்பான்காரனுக்கு இங்கே என்ன வேலை?' ஃபோர்டு, செவர்லே கார்களை ஓட்டுகிற டீம்களுக்கு வேற பயம். பணத்தைக் கொட்டி நம்ம ஆட்களைத் தூக்கிவிடுவானோ என்று.

முதல் வருஷம் டொயோட்டாவுக்குச் செம அடி. 2007 டேட்டோனா ரேஸிலேயே டொயோட்டா டீம் ஒன்றின் வண்டியில், எஞ்சினுக்குள் போகக்கூடாத ஒரு பொருளைக் கண்டுபிடித்து, ஒரு லட்சம் டாலர் ஃபைன் போட்டார்கள். 100 பாயின்ட்டும் போச்சு. அந்த வருஷம் முழுக்க மெயின் பிரிவில் ஒரு வெற்றிகூட இல்லை. 2008 மார்ச்சில் அட்லான்டாவில் கைல் புஷ் ஜெயித்தபோதுதான், ஜாகுவாருக்குப் பிறகு 54 வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டு பிராண்டு கொடி வாங்கியது. 2015-ல் அதே கைல் புஷ் சாம்பியன்.

"ஆமா, வந்து நம்ம ஆளுங்களை ஓரங்கட்டிட்டான். எல்லா ஊர்லயும் இதே கதைதான்" என்று சித்தப்பா கிளாஸை வைத்தார்.

"இருங்க சித்தப்பா. இப்பதான் இன்டர்வெல்."

அந்த 2007-ல் நாஸ்காரில் ஓடிய கார்களின் ஷோரூம் மாடல்களை எந்த ஊரில் செய்தார்கள் என்று பாருங்க. ஃபோர்டு ஃப்யூஷன், மெக்ஸிகோ. செவர்லே இம்பாலா, கனடா. டாட்ஜ் சார்ஜர், அதுவும் கனடா. போதாததற்கு டாட்ஜ் கம்பெனி அந்த வருஷம் பாதி வரைக்கும் ஒரு ஜெர்மன் முதலாளியிடம் இருந்தது. ஜப்பான்காரன் என்று எல்லோரும் திட்டிய டொயோட்டா கேம்ரி? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுனில் 1988-லிருந்து, அமெரிக்கத் தொழிலாளிகள் கையால் தயாராகிற கார்!

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. ஏறும்போது கேட்டார். "அப்ப வெளிநாட்டு வண்டி எதுடா?"

அதைத்தான் சித்தப்பா நானும் கேட்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கேள்வி நம்ம ஊரிலும் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற 'நம்ம வண்டி' மூன்றையும் எடுங்கள். அம்பாசடர் என்பது பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ஃபியட், பெயரிலேயே இத்தாலி. ஹெரால்டு பிரிட்டிஷ் டிரையம்ஃப் கம்பெனியுடையது. அதை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். செய்தது மட்டும் நம்ம சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில். லைசென்ஸ் ராஜ்ஜிய காலத்தில் வேற கார் உள்ளே வரக் கதவில்லை. ஆகவே முப்பது வருஷம் இந்த மூன்றையே பார்த்தோம், கழற்றினோம், மாட்டினோம், கல்யாணத்துக்குப் பூச்சுற்றினோம். நம்ம வண்டி ஆகிவிட்டது.

இதைச் சொன்னால் சித்தப்பா ஒத்துக்கொள்வாரா? "அது வேறடா" என்றார். என்ன வேற என்று கேட்டால், "வேற" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார்.

(ஒரு சின்ன பிரேக். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர் ஆடுதுறை. நெல் ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அறுபதுகளில் தஞ்சாவூர் வயல் முழுக்கக் குறுவையில் ஏறிய ஆடுதுறை 27 இருக்கிறதே... நம்ம ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கலந்து எடுத்தது. ஜப்பான்காரன் டெல்டாவுக்குள் கார் ஓட்டி வரவில்லை, நாற்றாகவே வந்துவிட்டான்! எங்க தாத்தா அதை 'ஆடுதொறை நெல்லு' என்றுதான் சொல்வார். ஜப்பான் நெல்லு என்று ஒருநாளும் சொன்னதில்லை.)

போர்டு எண்ணிய காலை

கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மணி ஐந்தரை. தம்பி வந்து நின்றான். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான், கண் சிவந்து கிடந்தது. கால் டாக்ஸி பிடித்து வண்டலூரிலிருந்து ஒரகடம் ரோட்டில் திரும்பினோம். டிரைவர் பக்கத்து சீட்டில் சித்தப்பா. வந்த கார் சாட்சாத் 'தகர டப்பா'தான். சீட் பெல்ட் போடச் சொல்லி அது பீப் பீப் என்று கத்தியதும், "பாத்தியா, எஜமான் மாதிரி அதட்டுது" என்றார்.

அந்த ரோட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை காலை ஷிஃப்ட் நேரத்தில் போய்ப் பாருங்க. இரண்டு பக்கமும் தொழிற்சாலை. நடுவில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஒவ்வொரு பஸ் ஜன்னலிலும் தலை சாய்ந்து தூங்குகிற பசங்க, பொண்ணுங்க. யூனிஃபார்ம் கலர்தான் வேற. ரெனோ-நிஸானுக்காகக் கட்டிய ஆலை, பாரத்பென்ஸ் லாரி செய்கிற டெய்ம்லர், நம்ம ராயல் என்ஃபீல்டு... சித்தப்பா ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே வந்தார். என்ஃபீல்டு வந்ததும், "இது நம்மளுது" என்றார். பின்சீட்டிலிருந்து தம்பி, "அதுவும் இங்கிலாந்துப் பேருதாம்ப்பா" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த பஸ்ல போற பசங்கள்ல நம்மூர்ப் பக்கம் நெறைய பேரு அண்ணே. மன்னார்குடி, பாபநாசம், பேராவூரணி... என் ரூம்ல ஆறு பேர், நாலு பேர் டெல்டா" என்றான் தம்பி. வயலில் வேலை இல்லை. இருந்தாலும் நாற்று நட ஒரு மெஷின், அறுக்க ஒரு மெஷின். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கையோடு பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டை வந்தது. இந்த ஊரில் ஒரு வேடிக்கை. ரேஸ் டிராக்கும் கார் ஃபேக்டரியும் அக்கம்பக்கத்து வீடுகள். சோழவரத்தில் இனிமேல் முடியாது என்று ஆனதும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே நிலம் வாங்கி, 1990 வாக்கில் டிராக்கைத் திறந்தது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். டிராக் வந்து சில வருஷத்தில், 1996-ல், கொரியாவின் ஹூண்டாய் வந்து அடிக்கல் நாட்டியது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது.

மாருதியிலிருந்து போலோ வரை

டிராக் ஓரம் சிமென்ட் கேலரியில் உட்கார்ந்தோம். வெயில் சுள்ளென்று. கூட்டம் கம்மிதான், கிரிக்கெட்டுக்கு வருகிற கூட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் வெறியர்கள். பாதிப் பேர் இன்ஜினீயரிங் காலேஜ் டி-ஷர்ட்.

டூரிங் கார் பிரிவு. நம்ம ஊர் ஸ்டாக் கார் என்றால் இதுதான். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, ஒரே ஒரு சீட், ஸ்டிக்கர் ஒட்டிய உடம்பு. முதல் வளைவுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தபோது, சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏய் ஏய் ஏய்... உள்ள விடாதடா!" யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இந்த வரிசையில் வெளிநாட்டுப் பெயர்கள் எப்படி வந்தன என்பது தனிக் கதை. 1983 டிசம்பரில் சுசுகியோடு சேர்ந்து மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. மூன்றே சிலிண்டர், 796 சிசி, எடை சுமார் 650 கிலோ. அம்பாசடர் ஆயிரம் கிலோவுக்கு மேல். டிராக்கில் எடைதான் எமன். திருப்பத்தில் பெரிய வண்டி பிரேக் போட்டு, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புவதற்குள் சின்னது போயே போச்சு. கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவரதன் அந்த மாருதி எஞ்சினையே எடுத்து, சொந்தமாக டிசைன் செய்த ஒற்றை சீட் காரில் வைத்து, 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு ரேஸையே உண்டாக்கினார். டப்பா என்று ஒதுக்காமல் கழற்றிப் பார்த்த ஆள். 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான், 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஆரம்பித்ததே அந்த ஃபார்முலா மாருதியில்தான்.

டூரிங் கார்களில் மாருதி எஸ்டீம் ரொம்ப வருஷம் ராஜா. அப்புறம் ஹோண்டா சிட்டி. 2010-ல் கம்பெனியே நேரடியாகக் களத்தில் குதித்தது. ஃபோக்ஸ்வாகன் 'போலோ கப்' என்று ஆரம்பித்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், அதுவும் டீசல்! அதையடுத்து டொயோட்டா, எட்டியோஸ் காரை வைத்து இளைஞர்களுக்கு ஒரு ரேஸ் நடத்தியது. அமெரிக்காவில் நடந்த சண்டை இங்கே நடக்கவில்லை. 'நம்ம விளையாட்டு' என்று கோபப்பட இங்கே ரசிகர் கூட்டமும் இல்லை, கோபப்பட வேண்டிய உள்ளூர்க் கம்பெனியும் இல்லை. பழைய மூன்றும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அம்பாசடர் கடைசியாக 2014-ல் நின்றது. வந்தவர்களை வா என்று கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

நரேன் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். ஜப்பான்காரன் நாஸ்காருக்குள் போனதைப் பெரிதாகப் பேசுகிறோமே, தமிழ்நாட்டுக்காரரும் போயிருக்கிறார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன், 2010-ல் நாஸ்காரின் டிரக் பிரிவில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ரேஸ், 13-ஆவது இடம். அந்த வருஷம் அந்தப் பிரிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 'மோஸ்ட் பாப்புலர் டிரைவர்' யார் தெரியுமா? கோயம்புத்தூர்ப் பையன்தான்! உலகம் பூராவும் இருந்து நம்ம ஜனங்கள் ஓட்டுக் குத்தியிருப்பார்கள் என்பது என் யூகம். இன்டர்நெட்டில் ஓட்டு என்றால் நாம் விடுவோமா?

டேப்பெட் சத்தம்

ரேஸ் முடிந்ததும் தம்பிக்குத் தெரிந்த பையன் ஒருவன் மூலமாக டீம் ஷெட் பக்கம் போனோம். ஒரு காரின் பானட் திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்... சினிமாவில் வருமே, கிராமத்து மெக்கானிக் ஒரே நொடியில் கோளாறைக் கண்டுபிடித்து எல்லோரும் வாய் பிளப்பார்களே, அந்த சீன்.

"தம்பி, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது பாரு" என்றார்.

அந்த மெக்கானிக் பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். மரியாதையாக லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "இல்லீங்க ஐயா, நாங்கதான் செட்டிங் போட்டுப் பாக்கிறோம். ஈசியூ வேணும்னே கட் பண்ணுது."

சித்தப்பா ஸ்க்ரீனைப் பார்த்தார். கோடுகள் ஏறி இறங்கின. "ஓ" என்றார். அதற்கப்புறம் அங்கே எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பார்த்திருக்கிற சித்தப்பா கையைப் பின்னால் கட்டுவது கோயிலில் மட்டும்தான்.

வெளியே ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. நான் சும்மா இருக்க முடியாமல் நாஸ்கார் கதையின் மிச்சத்தை எடுத்தேன். டொயோட்டா உள்ளே வரும்போது நாஸ்கார் ஒரு கண்டிஷன் போட்டது. எங்கள் ஆட்டம், எங்கள் ரூல். ரோட்டில் ஓடுகிற நவீன எஞ்சின் செல்லாது. சுமார் 5.8 லிட்டர் வி8, பழைய மாடல் புஷ்ராடு எஞ்சின்தான் வைக்க வேண்டும். பெட்ரோல் ஊட்ட கார்பரேட்டர்தான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் நாஸ்காருக்கு வந்தது 2012-ல்தான். டொயோட்டா அப்போது அப்படி ஒரு புஷ்ராடு வி8-ஐ எந்த ஷோரூம் காரிலும் விற்கவில்லை. ரேஸுக்காக வெள்ளைத்தாளிலிருந்து வரைந்து செய்தார்கள்.

பரோட்டா பிய்த்த கை நின்றது.

"புஷ்ராடா? கார்பரேட்டரா?"

"ஆமா சித்தப்பா."

"அதாவது, கேம் ஷாஃப்ட் கீழ இருக்கும்... அங்கேருந்து ஒரு கம்பி மேல போயி ராக்கரைத் தள்ளும்... டேப்பெட் செட்டிங் பண்ணி..."

"அதேதான்."

"டேய், அது நம்ம அம்பாசடர் எஞ்சின்டா!"

கடையே திரும்பிப் பார்த்தது. சைஸ் வேற, சக்தி வேற, சிலிண்டர் எட்டு. ஆனால் மனிதர் சொன்னது தப்பில்லை. நாலு சிலிண்டர் மோரிஸ் எஞ்சினும் அதே குலம்தான். "2007-ல உக்காந்து கத்துக்கிட்டானா ஜப்பான்காரன்? நான் 79-லயே ஃபீலர் கேஜ் புடிச்சவன்" என்று தம்பியைப் பார்த்தார். தம்பி சிரித்தான். அன்று காலையிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஜோரில் சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னார். "சரி, அந்தக் கேம்ரியை அமெரிக்கா ஆளு செஞ்சா அது அமெரிக்கா காருன்னா, நீ செய்யிற காரு நம்ம காருதானேடா. நம்மூர்ப் பய கை பட்டது. வா, இனிமே ஷெட்டுக்கு வந்தா நானும் தொறந்து பாக்கிறேன்."

தம்பி சால்னாவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் பாக்கெட்டிலிருந்து ஐ.டி. கார்டை எடுத்து மேஜையில் வைத்தான். அதில் அவன் பெயர் இருந்தது. பெயருக்கு மேலே இருந்தது கார் கம்பெனியின் பெயர் இல்லை. ஆள் சப்ளை செய்கிற ஏதோ ஒரு கான்ட்ராக்டர் பெயர்.

"கார் நம்ம காரா இருக்கலாம்ப்பா. நான்தான் அவங்க ஆளு இல்ல. மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிச்சா உண்டு."

சித்தப்பா அந்த கார்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பேர் பார்ட் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று பார்ப்பாரே, அதே மாதிரி.

கம்பெனிகள் வரும், போகும். அதுவும் அன்று பேச்சில் வந்தது. மறைமலை நகரில் தொண்ணூறுகளில் பந்தாவாக வந்த ஃபோர்டு, 2021-ல் கடையைக் கட்டுவதாக அறிவித்து 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2025-ல் மறுபடி எஞ்சின் செய்ய வருகிறோம் என்று அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நாஸ்காரிலும் டாட்ஜ் 2012-ல் சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு கிளம்பிப் போனது. ஜெயித்த வருஷமே! ரசிகர்கள் 'துரோகி' என்று டொயோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கம்பி நீட்டியது உள்ளூர்க்காரன். டொயோட்டா இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அப்ப யாரை நம்புறது?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. சித்தப்பா பில்லுக்குப் பணம் எடுத்தார்.

எங்க ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வரகுண பாண்டியன் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனான், பின்னாலேயே வந்த பிரம்மஹத்தி அங்கேயே காத்து நின்றது, அதனால் அவன் வேறு வாசல் வழியாக வெளியே போனான் என்பது கதை. இன்றைக்கும் விஷயம் தெரிந்தவர்கள் போன வழியே திரும்ப மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா தம்பியிடம் அதைத்தான் சொன்னார். "திரும்பி வந்துட்டா தோத்துட்டோம்னு நெனைக்காத. ஒரு வாசல் வழியா போனே, இன்னொரு வாசல் வழியா வா. ஆனா வரும்போது அந்தப் பய வச்சிருந்தான்ல லேப்டாப்பு... அதுல அந்தக் கோடு படிக்கிறதைக் கத்துக்கிட்டு வா. எனக்கும் சொல்லிக் குடு."

"தேருக்கு வருவியாடா?"

"ஷிஃப்ட் பாத்துட்டுச் சொல்றேம்ப்பா."

பஸ் கிளம்பியது. திண்டிவனம் தாண்டும் வரை நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது சித்தப்பா பக்கத்து வரிசைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"...எவ்வளவு பெரிய கம்பெனி சார் டொயோட்டா! கடைசியில எங்க வந்தான்? புஷ்ராடுக்குத்தான் வந்தான்!"

அந்த ஆள் எப்போதோ தூங்கிப்போயிருந்தார்.